நிறுத்து என்று யாரும் காட்டலாம்

புதன்கிழமை, மத்தியானம்
ஆஸ்பத்திரி நாலாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் பெஞ்சு

அன்புள்ள அரை டன்னுக்கு,

உன் கொடி மாமா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாகவும் இல்லை, சும்மாவும் இல்லை. கோபமாக இருக்கிறேன். நேற்று நீ போனைப் பட்டென்று வைத்ததும் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவதென்று தெரியாமல் கீழே போய் இந்த நோட்டை வாங்கினேன். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று பேசிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. எழுதி முடித்த பக்கங்களை வாசலில் இருக்கும் மருந்துக்கடைப் பெண் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஆஸ்பத்திரி உனக்கு அனுப்பியிருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். படுத்தட்டும். உன் அப்பா வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகச் சாப்பாட்டுக் குழாய் வைப்பதற்கும், அதன் பிறகு அவனைப் பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. சமூகப் பணியாளர் அதை எனக்கும் காட்டினார். மூன்றாம் பக்கத்தில் ‘நோயாளியின் விருப்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘தெரிவிக்க இயலாத நிலை’ என்று டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். பச்சைப் பொய். அவன் தெரிவித்துக்கொண்டேதான் இருக்கிறான். பார்க்கத்தான் ஆளில்லை.

பெரிய டாக்டரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா மாமா என்று நேற்று கேட்டாய். தெரியாது. மருத்துவத்தில் நான் கைநாட்டு. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இருபத்தொன்பது வருஷம் உன் அப்பா துறைமுக யார்டில் கிரேன் கேபினில் உட்கார்ந்திருந்தான், நான் கீழே நின்று கை காட்டினேன். ஆரம்பத்தில் கொடி பிடித்துக் காட்டியதால்தான் எனக்குக் கொடி என்று பெயர். அறுபதடி உயரத்தில், அந்த என்ஜின் இரைச்சலில், வாய்ப்பேச்சு எடுபடாது. பாதி நேரம் பாரமே அவன் கண்ணில் படாது, நடுவில் ஏதாவது மறைத்துக்கொண்டு நிற்கும். என் கையைப் பார்த்துத்தான் லீவரை அசைப்பான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் வீசினால் நிறுத்து. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சோறு போதும் என்பதற்கே இப்படித்தான் வீசுவாய், உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். உனக்கு அரை டன் என்று பெயர் வந்ததுகூட அந்த யார்டில்தான். நீ பிறந்த அன்றைக்குக் கேபினிலிருந்து இறங்கி வந்து, “அரை டன் சரக்கு பத்திரமா இறங்கிருச்சுடா” என்று என் முதுகில் ஓங்கிப் போட்டான். நாலே கால் கிலோ இருந்தாய் நீ.

இப்போது திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து அன்றோடு இருபது நாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, விழுங்க முடியவில்லை என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அந்தக் குழாயை அவன் மூன்று தடவை பிடுங்கிப் போட்டான் என்று நல்லாயிருக்கும் இடது கையைக் கட்டில் கம்பியோடு துணி வைத்துக் கட்டிவிட்டார்கள். உனக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அடுத்து நடந்ததைப் படித்தால் உனக்கே தெரியும்.

திங்கள் காலை உடம்பு துடைப்பதற்காக வார்டு சிஸ்டர் கட்டை அவிழ்த்தார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த, கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினார். கட்டில் உயர உயர, உன் அப்பா இடது கையை வீச ஆரம்பித்தான். சிஸ்டர் பயந்து பின்னால் போனார். “பாருங்க ஐயா, அடிக்கக் கை ஓங்குறார். இதுக்குத்தான் கட்டுறோம்” என்றார். அது அடிக்கிற கை இல்லை. உள்ளங்கை கவிழ்ந்திருந்தது. பக்கவாட்டில், ஒரே மட்டத்தில், இந்தப் பக்கம் அந்தப் பக்கம். நான் ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை அவனுக்குக் காட்டிய கை.

“அவர் நிறுத்தச் சொல்றார்மா” என்றேன். “அவருக்கு ஒண்ணும் புரியாது ஐயா, நீங்க மனசைத் தேத்திக்குங்க” என்றார் சிஸ்டர். கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். இறக்கினார். கட்டிலுக்கு எதிரே, அவன் கண்ணுக்கு நேராகப் போய் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாக ஒரு சுற்று சுற்றினான். சிஸ்டரைச் சுற்றச் சொன்னேன். கட்டில் உயர்ந்தது. ஒரு இடம் வந்ததும் கை வீசினான். மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தோம். மூன்று தடவையும் அதே இடம், ஒரு விரற்கடை பிசகவில்லை. முதல் தடவை சிஸ்டர் சிரித்தார். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. “இத்தனை நாளா இடுப்பு வலிச்சிருக்கு போல” என்றார். கட்டுத் துணியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். நல்ல பெண். முப்பது கட்டிலுக்கு அவர் ஒருத்தர்தான்.

யார்டில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு என்று காட்ட எனக்கு மட்டும்தான் உரிமை, வேறு யார் காட்டினாலும் உன் அப்பா அசையமாட்டான். ஆனால் நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம். கூட்டுகிறவர் காட்டினாலும் நிறுத்தியே ஆகவேண்டும், காரணத்தை அப்புறம்தான் கேட்கவேண்டும். ஒருநாள் டீ கொண்டுவரும் அக்கா தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டுக் கையை வீசினார். இருபது டன் அந்தரத்தில். உன் அப்பா நிறுத்தினான். ஃபோர்மேன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். போய்ப் பார்த்தால் பாரத்தைக் கட்டிய கம்பிவடம் நைந்து, நாலு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பதினோரு பேர். அந்த அக்கா கிரேன் படித்தவரா? டீக்காரர் காட்டினால் நிற்கிற உலகத்தில் இருபத்தொன்பது வருஷம் இருந்தவன், தன் உடம்புக்குத் தானே நிறுத்து காட்டுகிறான், யாரும் நிற்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா?

உடனே பெரிய டாக்டரைப் பார்க்கப் போனேன். மனுஷன் கெட்டவர் இல்லை, உட்காராமலே பேசுவார், பேசிக்கொண்டே நடப்பார், அவ்வளவுதான். நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, “ஆமாவா இல்லையான்னு கேட்டா எல்லாத்துக்கும் தலையாட்டுறார் ஐயா. நீங்க பொம்பளையான்னு கேட்டாலும் ஆட்டுறார். அவர்கிட்ட எப்படி முடிவு கேக்குறது?” என்றார். அப்புறம் படியில் இறங்கிக்கொண்டே, “அதுவும் இல்லாம, கேட்டா எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்வாங்க” என்றார். “அப்ப கேக்காமலே செஞ்சா, வேணும்னு சொன்னதா ஆயிருமா சார்?” என்றேன். நின்றுவிட்டார். முதல்முறையாக அந்த மனுஷன் ஒரு இடத்தில் நின்றதை நான் பார்த்தேன். சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வருவாளாம், அவள் முன்னால் கேட்டுப் பார்க்கலாம், கால் மணி நேரம் தருகிறேன் என்றார். கால் மணி நேரம். ஒரு கன்டெய்னரை இறக்க நாங்கள் அதைவிட அதிகம் எடுத்துக்கொள்வோம்.

இங்கே என்னை உள்ளே விடுவதே பெரும்பாடு என்பது உனக்குத் தெரியாது. பார்வையாளர் நோட்டில் ‘உறவு’ என்று ஒரு பத்தி. தம்பியா என்றார்கள், இல்லை. மச்சானா, இல்லை. ‘கை காட்டுபவன்’ என்று எழுதினேன். வாசலில் இருப்பவர், “அப்படி ஒரு உறவு லிஸ்ட்ல இல்லையே ஐயா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் பழைய மஞ்சள் ஜாக்கெட்டை, வெளிச்சம் பட்டால் மின்னுமே அது, மாட்டிக்கொண்டு போனேன். “லிஃப்ட் ரிப்பேரா? நாலாவது மாடிலதான் சிக்குது, போங்க போங்க” என்று வழி விட்டார். அன்றிலிருந்து நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இன்னும் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது, எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

சிரித்தாயா? சரி. இனி சிரிக்க முடியாததை எழுதுகிறேன். தப்பு என் மேல்.

பக்கவாதம் வந்த நாலாம் நாள் பெரிய டாக்டர் என்னை நிற்கவைத்து விளக்கினார். முழுங்கும் தசை, நுரையீரலில் புகுதல், மதிப்பீடு, மீட்சி வாய்ப்பு, என்னென்னவோ சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் “சரிங்க சார்” என்றேன். பதினோரு தடவை சொல்லியிருப்பேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சுற்றிலும் வெள்ளைக்கோட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். அன்று சாயங்காலம் நீ போனில் என்ன சொன்னார் என்று கேட்டாய். “இனிமே அப்பாவுக்கு வாயால சாப்பிடவே முடியாதாம்” என்றேன். நீ அழுதாய். மறுநாள் டாக்டர் போனில் உன்னிடம் வயிற்றுக் குழாயைப் பற்றிப் பேசியதும் சரி என்றுவிட்டாய்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, பாப்பா. இப்போதைக்கு முடியாது, சில வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். நேற்றுத்தான் பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் போனில் பேசித் தெரிந்துகொண்டேன். யார்டில் எனக்குப் புரியாத ஒரு சைகையை நான் மேலே அனுப்பியதே இல்லை. அனுப்பினால் ஆள் சாவான். இங்கே அனுப்பிவிட்டேன். கட்டில் தலைமாட்டில் ‘வாய்வழி உட்கொள்ளல் தடை’ என்று ஒரு பலகை மூன்று வாரமாகத் தொங்குகிறது. வாயால் எதுவும் கொடுக்காதே என்று எழுதினால் என்ன கையா சுளுக்கிக்கொள்ளும்? எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று கிரேன் உடம்பிலேயே ஆளுயர எழுத்தில் எழுதியிருப்பார்கள், நாலாம் வகுப்பு படித்தவனுக்கும் புரியும். ஆனால் பலகையைத் திட்டி என் தப்பை மறைக்கமாட்டேன். நான் கேட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். நான் தப்பாகச் சொன்னதை நம்பி நீ எடுத்த முடிவு அது. சனிக்கிழமை வரை பொறு. உன் அப்பாவைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அவன் குழாய் வேண்டும் என்று காட்டினால் நானே உன்னைக் கெஞ்சிக் கையெழுத்துப் போடவைக்கிறேன். ஆனால் அந்த இல்லத்துக்கு மட்டும் அவனை அனுப்ப நான் விடமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வீட்டு முன்னறையைக் காலி செய்து, சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்து, கட்டிலும் போட்டாயிற்று.

வீடியோவில் காட்டட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். நெட் சரியில்லை மாமா என்கிறாய். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாய். சரி, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடு. அவன் வயசான காலத்தில் கவலைப்படுவதற்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய், அந்த அரை டன்னையும் மெலிய வைத்துவிடாதே.

பொறுத்திருப்பாய் என்ற நம்பிக்கையோடு, நம்பிக்கை இல்லாவிட்டாலும் விடாப்பிடியோடு,
உன் கொடி மாமா


சனிக்கிழமை, சாயங்காலம்
அதே பெஞ்சு

அன்புள்ள அரை டன்னுக்கு,

உன் மூன்று வரி பதில் வந்தது. சனிக்கிழமை வரை பொறுப்பேன், அதற்கு மேல் முடியாது, என்னைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். பொறுத்ததற்கு நன்றி. குற்றவாளி என்று உன்னை யாரும் சொல்லவில்லை. கூண்டில் நின்றவன் நான்தானே.

இன்று பதினொரு மணிக்கு எல்லாரும் வந்தோம். பெரிய டாக்டர், சிஸ்டர், பேச்சுப் பயிற்சிப் பெண், நான். உன் அப்பாவுக்கு முகச்சவரம் செய்து, தலை சீவி, சிஸ்டர் சரியாக அந்த இடம் வரைக்கும் கட்டிலை உயர்த்தி வைத்திருந்தார். பயிற்சிப் பெண் வந்ததும் டாக்டரிடமே சட்டம் போட்டாள். ஆள் ஒல்லி, குரல் கெட்டி. “மூளையில அந்த இடத்துல அடிபட்டவங்களுக்கு ஆமாவும் இல்லையும் மாறிப்போகும் சார். தலையாட்டுறதை நம்பாதீங்க. கையை மட்டும் பாருங்க. ஒவ்வொரு கேள்வியையும் ரெண்டு தடவை, திருப்பிப் போட்டுக் கேக்கணும். ஒரே வாக்கியத்துல ரெண்டு விஷயம் சொல்லாதீங்க” என்றாள். எங்கள் யார்டில் போட்டிருந்தால் ஆறு மாதத்தில் ஃபோர்மேன் ஆகியிருப்பாள்.

டாக்டர் தொடங்கினார். முதல் வாக்கியத்திலேயே நாலு விஷயம். உன் அப்பா அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இடது கையை நீட்டி வீசினான். நிறுத்து. பயிற்சிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “சார், உங்களைத்தான் நிறுத்தச் சொல்றார்” என்றேன். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு வேறு ஆளாகிவிட்டார், அதைச் சொல்லியாகவேண்டும்.

“மூக்குல இருக்கிறது சாப்பாட்டுக் குழாய்” என்றார். நிறுத்தினார். “நீங்க முழுங்கினா சாப்பாடு நுரையீரலுக்குப் போயிரும்னு பயம்.” நிறுத்தினார். “அதுக்காகத்தான் போட்டோம்.” உன் அப்பா மூக்கைத் தொட்டுப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து நாளாக அது என்னவென்று அவனிடம் யாரும் சொல்லவே இல்லை. உனக்குச் சொன்னோம், எனக்குச் சொன்னார்கள், ஃபைலில் எழுதினார்கள். யார் மூக்கில் தொங்குகிறதோ அவனுக்குச் சொல்லவில்லை. தூங்கி எழும்போது முகத்தில் ஒரு பாம்பு மாதிரி கிடந்தால் நீ பிடுங்கமாட்டாயா? நான் பிடுங்குவேன்.

வயிற்றுக் குழாயைப் பற்றி டாக்டர் படம் வரைந்து காட்டினார். அதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து, குழாய் வைத்தாலும் நுரையீரல் பயம் முழுக்கப் போகாது என்பதையும் சொன்னார். அது எனக்கே புது விஷயம். இப்போதே வைக்கலாம், அல்லது மூக்குக் குழாயை மூன்று வாரம் வைத்துக்கொண்டே முழுங்கப் பழகிப் பார்க்கலாம், பலிக்காவிட்டால் அப்போது யோசிக்கலாம் என்றார். ஒன்றும் வேண்டாம், வருவது வரட்டும் என்று கரண்டியால் ஊட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் சொன்னார். பூசி மெழுகவில்லை. பயிற்சிப் பெண் மூன்று வழிக்கும் ஒவ்வொரு படமாக அவன் முன்னால் வைத்தாள்.

வயிற்றுக் குழாய் படத்துக்குக் கை வீசினான். கரண்டிக்கும் வீசினான். அங்கே எனக்கு உயிர் வந்தது, பாப்பா. அவன் சாகக் கேட்கவில்லை. அதைத்தான் நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன், உனக்கு எழுதவில்லை. மூன்று வாரம் என்ற படத்தைக் காட்டியதும் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு இடது கையால் செத்துக் கிடந்த வலது கையைத் தூக்கி வயிற்றின் மேல் விரித்து வைத்தான். அதன் கீழே ஆள்காட்டி விரலை மேல்பக்கமாக நீட்டிச் சுற்றினான்.

அதுவும் எங்கள் யார்டு சைகைதான். ஒரு உள்ளங்கை அசையாமல் இருக்க, அதன் கீழே மறுகையின் விரல் சுற்றினால், மெதுவாகத் தூக்கு. கண்ணாடிச் சரக்கு வந்தால் நான் அதைத்தான் காட்டுவேன். டாக்டரிடம் சொன்னேன். பயிற்சிப் பெண் படங்களைக் கலைத்து, வரிசை மாற்றி, திரும்ப முதலிலிருந்து கேட்டாள். அதே பதில். டாக்டர் கால் மணி நேரத்தை மறந்துவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. “இவ்வளவு தெளிவா எங்கிட்ட யாரும் சொன்னதில்ல” என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு இதை எழுதும்வரை அவன் அந்தக் குழாயைத் தொடவில்லை. கை அவிழ்த்தே கிடக்கிறது.

அடுத்தது எங்கே போவது. மூன்று போட்டோ. அந்த இல்லம், அவனுடைய வீடு, என் வீட்டு முன்னறை. முன்னறைப் போட்டோவை நானே எடுத்திருந்தேன், கைப்பிடிக் கம்பி தெரிகிற மாதிரி. அவனுடைய வீட்டைப் பார்த்துக் கை வீசினான். மூன்றாவது மாடி, படி, அவனுக்கே தெரிந்திருக்கிறது. என் வீட்டைக் காட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன், விரல் மேலே போகும் என்று. கை வீசினான்.

தவறு நடந்துவிட்டது என்று நினைத்தேன். திருப்பிக் கேளும்மா என்றேன். கேட்டாள். வீசினான். மூன்றாம் முறையும் கேட்கச் சொன்னேன், சட்டத்தை மீறி. அவன் என்னைப் பார்த்து, விரலை நீட்டி, என் வலது முழங்காலைக் காட்டினான். மூட்டு வலிக்குப் பெல்ட் போட்டிருக்கிறேனே, அந்த முழங்காலை. பிறகு தன் மார்பைத் தொட்டான். பிறகு என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் கையை வீசினான்.

அவன் எழுபத்தெட்டு கிலோ. எனக்கு அறுபத்து மூன்று வயது. எவ்வளவு பாரத்தை எந்தக் கை தாங்கும் என்று கணக்குப் போட்டே வாழ்ந்த மனுஷன். என்னையும் அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்துத் தூக்காதே என்றுவிட்டான். எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? இதற்காகவா மஞ்சள் ஜாக்கெட் போட்டு வாசலில் பொய் சொன்னேன்? இதற்காகவா உன்னோடு சண்டை போட்டேன்? வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன். சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

திரும்பிப் போனபோது இல்லத்தின் போட்டோ அவன் மடியில் இருந்தது. அதற்கு விரலை மேலே நீட்டியிருக்கிறான். ஆனால் உடனே இடது கையால் வலது கையைக் கோத்து வயிற்றோடு வைத்துக்கொண்டானாம். டாக்டருக்குப் புரியவில்லை. கெஞ்சுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அது கெஞ்சல் இல்லை. எல்லாம் அப்படியே இருக்கட்டும், பொறு என்று அர்த்தம். மதிய இடைவேளைக்கு அப்படித்தான் வேலையை நிறுத்தி வைப்போம், முடித்துவிடுவதில்லை. போகிறேன், அங்கேயே கிடக்கமாட்டேன் என்கிறான். ஆறு வாரம் கழித்து மறுபடி கேட்பது என்று டாக்டர் எழுதினார். எழுதியதை அவனுக்கே படித்துக் காட்டினார். விரலை மேலே நீட்டினான்.

ஆக, இல்லத்தைப் பற்றி நீ எடுத்த முடிவு சரிதான். நான் தோற்றேன். ஆனாலும் நீ செய்தது தப்புதான் என்று இன்னும் சொல்வேன். அவனைக் கேட்காமல் அனுப்பியிருந்தால் அவனை நாம் அங்கே கொட்டிவிட்டதாக ஆகியிருக்கும். இப்போது அவன் போகிறான். இரண்டும் ஒரே கட்டடம், ஒரே கட்டில்தான். ஆனால் அனுப்புவது வேறு, போவது வேறு. உனக்கு இது புரியும், நீ அவன் பெண்.

பழைய படிவத்தைச் சமூகப் பணியாளர் கிழித்துவிட்டார். கிழிக்கும்வரை நான் அவர் மேசையை விட்டு நகரவில்லை. புதியது உனக்கு வரும். மூன்றாம் பக்கக் கட்டத்தில் இப்போது எழுதியிருப்பது: வயிற்றுக் குழாய் இப்போது வேண்டாம், மூன்று வாரம் முழுங்கப் பயிற்சி, இல்லத்தில் ஆறு வாரம், பிறகு மறுபடி கேட்கவேண்டும். கீழே இடது கையால் அவன் இழுத்த ஒரு கோடு இருக்கிறது. கோழி கிறுக்கினது மாதிரிதான் இருக்கும், ஆனால் அவன் கையெழுத்து. அதற்குக் கீழே உனக்கு ஒரு இடம் விட்டிருக்கிறது.

அதில் உடனே போட்டுவிடாதே. அந்த லீவர் இப்போது உன் கையில் இருக்கிறது, நீ உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து உன் அப்பா உனக்குத் தெரியவில்லை. நாளைக்கு நாலு மணிக்கு நான் போனை அவன் முன்னால் பிடிப்பேன். நெட் இருக்கும். இல்லாவிட்டால் மருந்துக்கடைப் பெண் அவளுடையதைத் தருவாள், கேட்டுவிட்டேன். நீ ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். வெகுதூரத்தில் இருந்துகொண்டு, வர முடியாமல், அந்த முகத்தைப் பார்த்தால் நீ உடைந்துவிடுவாய் என்று பயம். உன்னைத் திட்டமாட்டேன். வலது பக்கம் இறங்கித்தான் இருக்கிறது, வாயோரம் ஈரம் இருக்கும், சிரித்தால் பாதிதான் வரும். முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் பார்க்காதே. கையை மட்டும் பார்.

இன்று எல்லாரும் போன பிறகு கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். படமில்லாமல், பயிற்சிப் பெண் இல்லாமல், நான் மட்டும். அரை டன் நேரில் வரட்டுமா என்று கேட்டேன். அவன் கையால் பதில் சொன்னான். தெளிவாகச் சொன்னான், திருப்பிக் கேட்டும் அதையே சொன்னான். அது என்னவென்று நான் எழுதமாட்டேன். உனக்கும் அவனுக்கும் நடுவில் நின்று ஒரு தடவை தப்பாகக் கை காட்டிவிட்டேன், அது போதும். நாளைக்கு நாலு மணிக்கு அதே கேள்வியை நீ கேள். நான் போனைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறேன்.

உன் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் பலம் கிடைக்கட்டும், பாப்பா. நாலு மணி. தாமதிக்காதே.

உன் கொடி மாமா
(உறவு: கை காட்டுபவன். இன்று வாசலில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். உள்ளே விட்டார்கள்.)